பாட்டி தனியாகப் பெறவில்லை

2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம் ஆசிரியைக்கு வீட்டிலேயே இடுப்பு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்று கணவனும் மனைவியும் முன்பே முடிவெடுத்திருந்தார்கள். நண்பர்கள் தந்த தைரியமும் யூடியூப் காணொளிகளும்தான் துணை. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை.

கணவர் கைதானார். சில நாட்களில், கோவையில் வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி முகாம் என்று அறிவித்த ஒருவரும் கைதானார். செய்தி அடங்கிவிட்டது. அந்த முடிவுக்குத் தள்ளிய எண்ணம் அடங்கவில்லை.

“எங்கள் பாட்டி பத்துப் பிள்ளை பெற்றாள், எந்த டாக்டர் பார்த்தார்?” என்று கேட்கிறார்கள். டாக்டர் பார்க்கவில்லை, மருத்துவச்சி பார்த்தாள். வயிற்றைத் தடவியே குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடியவள், ஊரில் பாதிப் பேரைத் தன் கையில் ஏந்தியவள். பக்கத்தில் தாயோ நாத்தனாரோ இருப்பார்கள். கணவன் திண்ணையில் காத்திருப்பான். பிரசவம் பார்த்துப் பழகிய ஒரு கைகூட இல்லாமல் பிள்ளை பெறுவது எந்தப் பாட்டியின் வழக்கமும் இல்லை. அப்படித் துணை இருந்தும், பிள்ளைப்பேற்றில் மூத்த தாரம் போய், இரண்டாம் தாரம் வந்த கதை நம் குடும்பங்களில் எத்தனை!

ஆனால் அவநம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8 சதவீதம். ஒரு சமூகத்தில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு அதனால் தாய், சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொல்லிவிட்டது. பணத்துக்காக வயிற்றைக் கிழிக்கிறார்கள் என்று ஒரு பெண் சந்தேகப்பட்டால் இந்த எண்களுக்கு முன்னால் அவளை எப்படிக் கடிந்துகொள்வது? லேபர் வார்டில் விழும் வசவு வேறு. “இப்போ கத்துறியே, அப்போ தெரியலையா?” என்ற ஏச்சைக் கேட்ட பெண்ணுக்கு அது ஆயுசுக்கும் மறக்காது.

பெண்களின் பயம் சரியாக இருந்த காலமும் உண்டு. 1846-இல் வியன்னா பொது மருத்துவமனையில் மருத்துவ மாணவர்கள் பார்த்த பிரசவப் பிரிவில் தாய்மார்கள் 11 சதவீதத்துக்கு மேல் இறந்தார்கள். மருத்துவச்சிகளின் பிரிவில் 3 சதவீதத்துக்கும் குறைவு. முதல் பிரிவு வேண்டாம் என்று பெண்கள் கெஞ்சினார்கள். பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்த்ததே காரணம் என்று அங்கே பணியாற்றிய மருத்துவர் செம்மல்வைஸ் கண்டறிந்து, 1847-இல் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். மரணம் சரிந்தது. அந்தப் பெண்கள் டாக்டரைத்தான் வேண்டாம் என்றார்கள். மருத்துவச்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

துணையே இல்லாவிட்டால் என்ன ஆகும்? நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 மில்லிக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கும். கருப்பைத் தசை இறுகி அவற்றை நெரித்து மூட வேண்டும். தசை தளர்ந்து கிடந்தால், நஞ்சின் துண்டு உள்ளே தங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். முதல் பிரசவம் சுகமாக ஆனவருக்கும், ஒரு குறையும் இல்லாதவருக்கும் இது வரும்; பெரும்பாலும் முன்னறிகுறியே இருக்காது. பிள்ளை பிறந்ததும் போடுகிற 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி இந்த ஆபத்தை வெகுவாகக் குறைத்துவிடும். வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எவ்வளவு ரத்தம் போனால் ஆபத்து என்பதே தெரியாது.

அமெரிக்காவின் இண்டியானாவில் மருத்துவத்தை அடியோடு மறுத்த ஒரு மதக் குழுவை ஆராய்ந்த கட்டுரை 1984-இல் வெளியானது. நன்றாக உண்டு வாழ்ந்த மக்கள்தான். 344 பிறப்புகளில் 3 தாய்மார்கள் இறந்திருந்தார்கள். மாநிலத்தின் மற்றத் தாய்மார்களைவிட ஏறக்குறைய நூறு மடங்கு.

தமிழ்நாட்டில் இன்று 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான். தாய்மார்களை அங்கே வரவழைத்தாகிவிட்டது. மரியாதையோடு நடத்துவதுதான் பாக்கி. அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கும் திட்டம் 2004-லேயே வந்தது. திருப்பூர்ப் பெண் இறந்த அதே 2018-இல், செவிலியர்களுக்கு 18 மாதப் பயிற்சி தந்து சுகப்பிரசவங்களை அவர்கள் பொறுப்பிலேயே விடுவதற்கான வழிகாட்டுதலை மத்திய அரசு வெளியிட்டது. வலி கண்டதிலிருந்து நஞ்சு விழும்வரை பக்கத்தை விட்டு நகராத ஒருத்தி. கை மீறினால் டாக்டரைக் கூப்பிட அடுத்த அறை. பாட்டிக்கு முதலாவது வாய்த்திருந்தது, இரண்டாவது வாய்க்கவில்லை.