மரக்கதவும் மரபுத் தச்சும்

தமிழிலக்கியம் பயில்வோர் கதவின் சிறப்பை அறியாதவரல்லர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை வாயிலைக் காட்டுமிடத்து, இரும்பால் பிணித்துச் செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவினையும், கைதேர்ந்த கம்மியன் இடைவெளி தோன்றாதவாறு முடுக்கிய பொருத்துகளையும் எடுத்துரைக்கிறார். அப்பகுதியை வகுப்பறையில் பலமுறை விளக்கியுள்ளோம். ஆயினும் ஒரு கதவைக் கையால் செய்ய முற்பட்டபோதுதான் அக்கம்மியனின் அருமை எமக்கு விளங்கிற்று.

வேளச்சேரி தாழ்ந்த நிலம். சுற்றுப்புற மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நோக்கிச் செல்லும் வழியில் அமைந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எம் இல்லத்தினுள்ளும் நீர் புகுந்தது. நீர் வடிந்த பின் பார்த்தால், கடையில் வாங்கி மாட்டியிருந்த ஒட்டுப்பலகைக் கதவு அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றது. அடுத்த தெருவிலிருந்த பழைய வீட்டின் தேக்குக் கதவோ, சில நாள் இறுகிக் கிடந்து, உலர்ந்ததும் முன்போலவே திறந்து மூடிற்று. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? அதனை அறியும் விருப்பமே, முதிய தச்சர் ஒருவரின் துணையுடன் வீட்டிலேயே கதவு செய்ய எம்மைத் தூண்டிற்று.

மரத்தின் இயல்பு

மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதும் விடுவதுமாகவே இருக்கும். ஈரம் ஏறுங்கால் அது நீளவாக்கில் நீள்வது மிகச் சிறிது. அகலவாக்கில் விரிவதே மிகுதி. நன்கு உலர்ந்த தேக்கிலும் ஓர் அடி அகலப் பலகை, சென்னையின் கோடைக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் அளவு மாறக்கூடும். மூன்றடி அகலக் கதவு முழுவதையும் பலகைகளை இறுக்கி ஒட்டிச் செய்தால், மழையில் அது நிலையை நெருக்கும், வெயிலில் வெடிக்கும்.

இவ்விடரைத் தீர்க்கவே சட்டம் வேறு, பலகை வேறு எனப் பிரித்துச் செய்யும் முறை தோன்றிற்று. கதவின் வடிவத்தைக் காப்பது சட்டம். இடைவெளியை அடைப்பது பலகை. ஒட்டுப்பலகை பசையை நம்பி நிற்பது. பசை தளர்ந்ததும் அடுக்குகள் பிரிந்தன. சட்டக் கதவு பொருத்தை நம்பி நிற்பது. ஆதலின் அது பிழைத்தது.

செய்முறை

எம் கதவு ஆறரை அடி உயரமும் மூன்றடி அகலமும் உடையது. இரு நெடுஞ்சட்டங்கள், மூன்று குறுக்குச் சட்டங்கள், நடுவே பிரிக்கும் சிறு சட்டங்கள், நான்கு பலகைகள் ஆகியன அதன் உறுப்புகள். சட்டத்தின் கனம் ஒன்றரை அங்குலம். நெடுஞ்சட்டத்தின் அகலம் நான்கு அங்குலம். பாரம் தாங்கும் நடு, கீழ்க் குறுக்குச் சட்டங்கள் எட்டு அங்குலம்.

முதலில் மரத்தை இழைப்புளியால் இழைத்து, மூலைமட்டம் வைத்துக் குறியிட வேண்டும். பின்பு நெடுஞ்சட்டத்தில் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு துளையெடுத்து, குறுக்குச் சட்டத்தின் முனையை அத்துளைக்கேற்ற நாக்குப் போலச் செதுக்க வேண்டும். நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றிலொரு பங்கு. அடுத்து, சட்டங்களின் உள்விளிம்பில் அரை அங்குல ஆழத்திற்குக் காடி எடுத்துப் பலகையை அதனுள் செருக வேண்டும். இறுதியாகச் சட்டங்களை முடுக்கி, மூலைக்கு மூலை அளந்து, இரு அளவும் ஒத்திருந்தால் ஆப்பு அடிக்கலாம்.

இங்குதான் யாம் பிழை செய்தோம். பெரியவர் வராத ஒரு நாளில், உறுதி கருதிப் பலகைகளையும் காடியில் பசையிட்டு ஒட்டிவிட்டோம். அது மழைக்காலம். அடுத்த கோடையில் இரு பலகைகள் நெடுக வெடித்தன. வந்து பார்த்த பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. “சட்டத்தை இறுக்குங்க பாய், பலகையை இறுக்காதீங்க. அதுக்கு மூச்சு விட இடம் வேணும்” என்றார்.

மறுமுறை, பக்கத்துக்கு அரைக்கால் அங்குலம் இடம்விட்டுப் பசையின்றிப் பலகைகளைச் செருகினோம். கோடையில் பலகை சுருங்கும்போது மெருகிடாத விளிம்பு வெளித்தெரியாதிருக்க, கோப்பதற்கு முன்னரே அவற்றிற்கு மெருகிட்டோம். கண்ணுக்குத் தெரியாதென்று பலர் விட்டுவிடும் கதவின் மேல், கீழ் விளிம்புகளுக்கும் மெருகு பூசினோம். நீர் விரைந்து ஏறுவது அவ்வழியேயாம். அக்கதவு அதன்பின் வந்த மழைகளையெல்லாம் கண்டும் இன்றளவும் வெடிப்பின்றி நிற்கிறது.

நிறைவாக

நக்கீரர் போற்றிய இடைவெளியின்மை பொருத்திற்கு உரியது. பலகைக்கோ இடைவெளியே உறுதி. நூலில் மட்டும் கற்ற எமக்கு இவ்விரண்டின் வேறுபாடு புலப்படவில்லை. எழுத்தறியாத அப்பெரியவருக்கு அது கையறிவாக இருந்தது. அவர்தம் மக்கள் எவரும் இத்தொழிலில் இல்லை. காடி, ஆப்பு, கொட்டாப்புளி என்னும் சொற்களை எம் வகுப்பில் கேட்டபோது, அறிந்த மாணவர் இருவரே. கருவி ஒழியின் சொல்லும் ஒழியும். ஆதலின் மாணவச் செல்வங்கள், தத்தம் தெருவில் எஞ்சியுள்ள தச்சரையும் கொல்லரையும் நாடி, அவர்தம் சொற்களைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். தமிழாய்வின் கதவுகளுள் அதுவும் ஒன்று, அது தாழிடப்படவில்லை.