குளிர் ஊரில் கொதிக்கும் பொனட்

மலையகத்துத் திம்புள்ளைப் பக்கம் எஞ்சின் சூட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், "இந்தக் குளிருக்குள்ள என்ன சூடு?" என்று சிரிப்பவர்கள் உண்டு. தலவாக்கலையிலிருந்து லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிப் போனவர் சிரிக்க மாட்டார். சுமார் 1,200 மீட்டரில் தொடங்கி 1,868 மீட்டரில் முடிகிற ஏற்றம் அது. வளைவுக்கு வளைவு இரண்டாம் கியர். எஞ்சின் மூச்சுப் பிடித்து இழுக்கிறது, காரோ மெதுவாகத்தான் நகர்கிறது. ரேடியேட்டருக்குள் புகும் காற்று போதாது. முன்னால் ஒரு கொழுந்து லொறி போனால் கேட்கவே வேண்டாம்.

உயரமும் ஒரு காரணம். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 வீதம்தான். டர்போ இல்லாத எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றும் அதே அளவில் குறைவதால் சக்தியும் குறையும், சூடும் கொஞ்சம் குறையும். டர்போ எஞ்சின் அப்படியில்லை. மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளிச் சக்தியைப் பெருமளவு காப்பாற்றிக்கொள்ளும், ஆனால் ரேடியேட்டரைக் குளிர்விக்க வரும் காற்று மெல்லியதாகவே இருக்கும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைச் சரியாகப் பிடித்து வைத்திருக்கும் வரை இதனால் பெரிய பாதகமில்லை. மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால்தான் ஆபத்து. வெப்பத் தடுப்புத் தகடு வாங்கக் கிளம்பும் முன் அந்த மூடியைப் பாருங்கள், செலவு மிகக் குறைவு.

நுவரெலியாவின் மாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் போட்டி 1934இல் தொடங்கியது. திம்புள்ளைக்குள்ளேயே இருக்கும் ரதெல்லவிலும் அப்படியொரு போட்டி நடந்திருக்கிறது. இந்தப் போட்டிகளில் ஓட்டம் நீளமில்லை, நேரத்தை நொடிகளில் எண்ணுவார்கள். சூடு பிரச்சினையாவது ஓட்டத்துக்கு முன்னும் பின்னும்தான். வரிசையில் எஞ்சின் ஓடியபடி கார் நிற்கும். பிறகு முழு வேகத்தில் ஓர் ஏற்றம், முடிந்ததும் எஞ்சினை நிறுத்துவார்கள். நிறுத்தியதும் கூலன்ட் ஓட்டம் நிற்கிறது, ஆனால் எக்ஸ்ஹோஸ்ட் மெனிபோல்டும் டர்போவும் சேர்த்து வைத்த சூடு அங்கேயே இருக்கிறது. அது மெல்லப் பரவி பெற்றோல் குழாய், வயர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பிடிக்கிறது. ஓடும்போது நன்றாக இருந்த கார், நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது மக்கர் பண்ணுவது இதனால்தான்.

இந்தச் சூட்டுக்கு வெப்பத் தடுப்புத் தகடு அடிக்கப் போகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெப்பத் தடுப்பு எதையும் குளிர்விப்பதில்லை. எஞ்சினில் எரியும் பெற்றோலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது, மிச்சத்தில் பெரும்பகுதி புகைவழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாக வெளியேறுகிறது. தகடு அடிப்பதால் அந்தச் சூடு குறையப்போவதில்லை, அது போகும் வழிதான் மாறுகிறது. வெளியேற வழி வைக்காமல் தகடு மட்டும் அடிப்பது, புகைபோக்கியை அடைத்துவிட்டு அடுப்பைச் சுற்றிச் சுவர் கட்டுவது மாதிரி.

மெனிபோல்டிலிருந்து பக்கத்துப் பொருளுக்குச் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாகவே பாய்கிறது. இதன் கணக்கு கொஞ்சம் கொடூரமானது. மெனிபோல்டின் மேற்பரப்பு 300 பாகையிலிருந்து 600 பாகைக்கு ஏறினால், அது வீசும் வெப்பம் இரண்டு மடங்காவதில்லை, ஐந்து மடங்கைத் தாண்டுகிறது. நல்ல செய்தி, பளபளப்பான அலுமினியம் இந்தக் கதிர்வீச்சில் 90 வீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். 1992இல் வந்த மெக்லாரன் எஃப்1 காரின் எஞ்சின் அறையில் தங்கத் தகடு ஒட்டியதும் இதற்காகத்தான். தங்கம் அகச்சிவப்புக் கதிரை அலுமினியத்தைவிட நன்றாகத் திருப்பும், கறுக்கவும் செய்யாது. இன்று தங்கம் விற்கும் விலையில் நாம் அலுமினியத்தோடு திருப்திப்படுவோம்.

கராஜில் செய்யும்போது பலர் கோட்டைவிடுவது இடைவெளியில். தகடு மெனிபோல்டைத் தொட்டால் அது தடுப்பு அல்ல, சூட்டைக் கடத்தும் இன்னொரு உலோகம். ஒரு விரல் அகலமாவது இடைவெளி வேண்டும், அதன் வழியாகக் காற்று மேலேறிப் போக வேண்டும். ஒரே தடித்த தகட்டைவிட, நடுவில் இடைவெளி விட்ட இரண்டு மெல்லிய தகடுகள் நன்றாக வேலை செய்யும். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும், அதற்கு முன்பே தளர்ந்தும் போகும். அதனால் டர்போவை ஒட்டிய இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். தகட்டில் எண்ணெயும் தூசியும் படிந்தால் பளபளப்பு போய்விடும், பளபளப்போடு பயனும் போகும். ஒட்டும் பசையுள்ள தகடுகளை எஞ்சின் பக்கமுள்ள சுவரிலும் காற்று வடிகட்டிப் பெட்டியிலும் ஒட்டலாம், மெனிபோல்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பசை இளகித் தொங்கும்.

எக்ஸ்ஹோஸ்ட் குழாயில் சுற்றும் கண்ணாடியிழைப் பட்டியைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு, அதுவும் இந்த மலையில். வறண்ட ஊரில் அது நல்ல பொருள்தான். சூட்டைக் குழாய்க்குள்ளேயே பிடித்து வெளியே அனுப்பும். ஆனால் நானுஓயாப் பனிமூட்டத்திலும் ஏப்ரல் மாதத்துப் பின்னேர மழையிலும் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உள்ளே இரும்பு துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது. குழாயே வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சூடேறுவதால் சாதாரண இரும்பு மெனிபோல்டில் வெடிப்பு விழவும் கூடும். எஞ்சின் ஒயில் கசிந்து பட்டியில் ஊறினால் தீப்பிடிக்கும் அபாயம் வேறு. கையில் காசிருந்தால் செராமிக் பூச்சுப் பூசுவது மேல். பழைய சாமான் கடையில் அஸ்பெஸ்டஸ் கயிறு இருக்கிறது என்று எந்தக் கராஜ் பாஸாவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுத்துவிடும்.

எதற்கெல்லாம் தடுப்பு வேண்டும்? எல்லாவற்றுக்கும் அல்ல. மெனிபோல்டுக்குப் பக்கத்தில் போகும் பெற்றோல் குழாய்க்கும் வயர் கட்டுக்கும் வெப்ப உறை போட வேண்டும். பிரேக் ஒயில் டப்பா சூடான பக்கத்தில் இருந்தால் அதற்கும். ஈரம் இழுத்த டொட் 3 ஒயில் 140 பாகையிலேயே கொதிக்கலாம். எஞ்சின் இழுக்கும் காற்றை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். அழகுக்காகப் பொனட்டுக்குள் திறந்த வடிகட்டி பொருத்தியவர் வெளியே 16 பாகைக் காற்று சும்மா கிடக்க, உள்ளே 60 பாகைக் காற்றை எஞ்சினுக்குக் கொடுக்கிறார். அந்தச் சூட்டுக் காற்றின் அடர்த்தி 13 வீதம் குறைவு. உயரத்தால் ஏற்கெனவே இழந்ததற்கு மேல் இது. வடிகட்டியைச் சுற்றித் தகடு மறைப்பு வைத்து, பம்பர் பக்கமிருந்து ஒரு குழாய் விட்டால் போதும். சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் வைத்திருப்பவருக்கு இது இரட்டைத் தலைவலி. அதன் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால், வரிசையில் நிற்கும்போது கீழிருந்து வெந்துவிடும்.

சூடு வெளியேறும் வழிக்கு வருவோம். பொனட்டின் பின் ஓரத்தில் வாஷர் வைத்து உயர்த்துவது ஒரு நாகரிகமாகிவிட்டது. கார் நிற்கும்போது சூடு அந்த வழியாக ஏறிப் போகும், உண்மைதான். வேகமாக ஓடும்போது முன் கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் கூடுவதால் காற்று அந்த இடுக்கு வழியாக உள்ளேதான் வரும். துவாரம் வெட்டுவதானால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பொனட்டின் முன்பாதியில் வெட்ட வேண்டும். அங்கேதான் அழுத்தம் குறைவு. லான்சர் எவலூஷன் பொனட்டில் இருக்கும் துவாரங்கள் வெறும் அலங்காரமல்ல. ஓட்டம் முடிந்ததும் டர்போ எஞ்சினை ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு நிறுத்துங்கள், பிறகு பொனட்டைத் திறந்து வையுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

வேலை முடிந்ததும் பலன் தெரிகிறதா என்று அளக்க அகச்சிவப்பு வெப்பமானியை எடுப்பீர்கள். பளபளப்பான தகட்டின் மேல் நேரே பிடித்தால் அது பொய் சொல்லும். கொதிக்கும் தகட்டையும் கைவைக்கலாம் போலக் காட்டும். தடுப்பு போடும் முன்பும் பின்பும், பாதுகாக்க நினைத்த பொருளின் மேலேயே, கறுப்பு டேப் துண்டு ஒன்று ஒட்டி, அந்த இடத்திலேயே அளவெடுங்கள்.