ஆயிரம் கோடிப் புள்ளிகளில் புற்றைத் தேடுதல்

மார்பகப் புற்றுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது, அக்குளிலிருந்து நிணநீர்க் கணு ஒன்றிரண்டை எடுத்து பேத்தாலஜி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நோய் அங்கே பரவியிருந்தால் சிகிச்சையின் போக்கே மாறலாம். ஆனால் அந்தப் பரவல் சில சமயம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைக் கணினி கண்டுபிடிக்குமா என்று பார்க்க, நெதர்லாந்து ஆய்வாளர்கள் நடத்திய போட்டிதான் ‘கேமலியன்16’.

கணுவின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடு ஒன்றை ஸ்கேன் செய்தால், படம் நீளத்திலும் அகலத்திலும் லட்சம் பிக்சல் வரை போகும். மொத்தம் ஆயிரம் கோடிப் புள்ளிகள். ஆழ்கற்றல் நிரலால் இதை ஒரே மூச்சில் பார்க்க முடியாது. எனவே படத்தைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் புற்று இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். அந்த மதிப்பெண்களை முழுப் படத்தின் மேல் பரப்பினால் சந்தேகத்துக்குரிய இடங்கள் தெரிந்துவிடும்.

போட்டியின் முடிவு 2017-இல் வெளியானது. நோயுள்ள ஸ்லைடு ஒன்றையும் நோயற்றது ஒன்றையும் கொடுத்தால், முன்னதற்கு அதிக மதிப்பெண் தரும் திறனே அளவுகோல். முதலிடம் பெற்ற நிரல் 0.994, 11 மருத்துவர்களின் சராசரி 0.81. மருத்துவரைக் கணினி வென்றுவிட்டது என்று இதைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த 11 பேருக்கும் 129 ஸ்லைடுகளைப் பார்க்கச் சுமார் இரண்டு மணி நேரமே கிடைத்தது. அவசரமில்லாமல் ஏறத்தாழ 30 மணி நேரம் எடுத்துக்கொண்ட ஒரு மருத்துவரின் எண் 0.966. எனக்கென்னவோ, கணினி வென்றது அறிவில் அல்ல, அலுப்பில்லாமையில் என்றே படுகிறது.

அலுப்பு வேறு இடத்தில் வந்து சேர்கிறது. நிரலுக்குப் பாடம் புகட்ட, புற்றின் எல்லையை ஒவ்வொரு ஸ்லைடிலும் யாராவது கையால் வரைந்து தர வேண்டும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையக் குழு 2019-இல் இதற்கு மாற்று கண்டது: எல்லைக்கோடு வேண்டாம், ‘புற்று உண்டு, இல்லை’ என்ற அறிக்கை முடிவே போதும். 44,732 ஸ்லைடுகளில் இது பலித்தது.

இன்னொரு சிக்கல், திசுவுக்கு ஏற்றும் சாயம். ஹெமடாக்சிலின் செல்லின் உட்கருவை நீலமாக்கும், இயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அந்த நிறத்தின் அடர்த்தி மாறும். ஸ்கேனர் மாறினாலும் மாறும். ஓரிடத்தில் நன்றாகப் படித்த நிரல் வேறோர் ஊரின் ஸ்லைடில் தடுமாறுவது இதனால்தான்.

வகைப்படுத்துவதைத் தாண்டி, பார்த்ததைச் சொற்களோடு இணைக்கவும் இப்போது கற்றுத்தருகிறார்கள். பெரும்பாலும் ட்விட்டரில் பேத்தாலஜி மருத்துவர்கள் குறிப்புடன் பகிர்ந்த படங்களைத் திரட்டி, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படம்-குறிப்பு இணைகளைக் கொண்டு ஸ்டான்ஃபோர்டு குழு 2023-இல் ‘பிலிப்’ என்ற மாதிரியைப் பயிற்றுவித்தது. பலரும் பகிர்வது விசித்திரமான நோயைத்தானே, அன்றாடம் வரும் சாதாரண ஸ்லைடையா? தவிர, இத்தகைய மாதிரிகள் வாக்கியமே எழுதத் தொடங்கினால், தவறான மதிப்பெண்ணைவிடச் சரளமான தவறான வாக்கியம் ஆபத்தானது. அது மருத்துவரின் அறிக்கை போலவே தொனிக்கும்.

புராஸ்டேட் பயாப்சிக்கான ‘பெய்ஜ்’ நிறுவன நிரலை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-இல் அனுமதித்தது, மருத்துவருக்கு உதவியாக மட்டும். அறிக்கையில் கையெழுத்திடுவது இன்றும் அவர்தான்.