இமைக்க மறக்கும் கண்கள்

பெங்களூரிலோ தில்லியிலோ கண்ணாடிக் கடைக்குப் போகிறவர் பவர் எழுதிய சீட்டை நீட்டியதுமே கடைக்காரர் கேட்பது, கம்ப்யூட்டரில் வேலையா என்றுதான். ஆமாம் என்றால் போச்சு. நீல ஒளியைத் தடுக்கும் லென்ஸ் மேஜைக்கு வந்துவிடும். சில கடைகளில் கூடவே ஒரு குட்டி டார்ச்சும் வரும். சாதாரண லென்ஸில் நீலக் கதிர் அப்படியே பாய்கிறது. புது லென்ஸில் நின்றுவிடுகிறது. கண்ணெதிரே நடக்கும் நிரூபணத்துக்கு மயங்காதவர்கள் குறைவு. பில் தொகை ஏறுகிறது.

அந்த டார்ச் காட்டுவது, லென்ஸ் ஒரு வகை ஒளியைத் தடுக்கிறது என்பதை மட்டும்தான். கண் எரிச்சலுக்குக் காரணமே அந்த ஒளிதான் என்று அது நிரூபிக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, இந்த லென்ஸ்கள் பற்றிய 17 சோதனைகளை அலசி 2023-ல் முடிவை வெளியிட்டது. கம்ப்யூட்டர் வேலையால் வரும் கண் களைப்பைக் குறைப்பதில், குறுகிய காலத்தில் பார்த்தவரை, சாதாரண லென்ஸைவிட இவற்றுக்குக் கூடுதல் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. திரையின் நீல ஒளி விழித்திரையைக் கெடுக்கும் என்ற தொனியில் விளம்பரம் செய்த ஒரு பெரிய கண்ணாடி நிறுவனத்துக்கு பிரிட்டனில் 2017-ல் 40,000 பவுண்டு அபராதமே விழுந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் சூரியனிடமிருந்து வரும் நீல ஒளி, எந்தத் திரை தருவதையும்விட மிக அதிகம்.

பிறகு சாயங்காலம் கண் ஏன் எரிகிறது? மணல் விழுந்தது போல ஏன் உறுத்துகிறது?

பதில் இமைகளில் இருக்கிறது. 1993-ல் ஜப்பானிய டாக்டர்கள் அலுவலக ஊழியர்களைக் கவனித்து எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கையில் 10 முறையும், கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கையில் 7 முறையும்தான் இமைத்தார்கள். கண்ணின் மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தைப் புதுப்பிப்பது இமைப்புதான். அந்தப் படலத்தின் மேலடுக்கு மெல்லிய எண்ணெய். நீர் ஆவியாகாமல் காப்பது அதன் வேலை. இமைப்பு குறைந்தால் படலம் ஆங்காங்கே கிழிந்து கண் காய்கிறது. காய்ந்த கண் சில நேரம் பொலபொலவென நீரைக் கொட்டும். தண்ணீர் வழிகிறதே, இது எப்படி உலர்ந்த கண் என்று குழம்புகிறவர்கள் நிறைய.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. குனிந்து புத்தகம் படிக்கையில் மேலிமை இறங்கிப் பாதிக் கண்ணை மூடிக்கொள்கிறது. நேரே திரையைப் பார்க்கையில் கண் ஏறக்குறைய இரு மடங்கு திறந்து கிடக்கிறது. ஆகவே திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருப்பது நல்லது. கழுத்து வலிக்குப் பயந்து லேப்டாப்பை ஸ்டாண்டில் உயரமாக ஏற்றுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். ஏ.சி. காற்றோ மேஜை ஃபேனோ முகத்தில் நேரே அடித்தால் பாதிப்பு இன்னும் கூடும். செலவே இல்லாத சிகிச்சை, நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போடுவது.

கிட்டப் பொருளையே மணிக்கணக்கில் பார்த்தால் கண்ணுக்குள் லென்ஸை இயக்கும் தசையும் களைக்கிறது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பால், 20 வினாடி பார்க்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். மும்பை ஒண்டுக் குடித்தனத்தில் 20 அடிக்கு எங்கே போவது? ஜன்னல் வழியே எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால் போதும். பார்க்கும்போது நாலைந்து முறை இமையை முழுதாக மூடித் திறக்க வேண்டும். திரை முன்னால் பலர் இமைப்பதே அரைகுறையாகத்தான்.

நாற்பதைத் தாண்டியவர்கள் கதை வேறு. சாளேஸ்வரம் என்ற சொல்லே இந்தியில் நாற்பதைக் குறிக்கும் சாலீஸிலிருந்து வந்ததுதான். வெள்ளெழுத்துக்காக வாங்கிய பைஃபோகல் கண்ணாடியில் படிக்கும் பவர் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. திரையோ நேர் எதிரே. எனவே மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்கிறது. திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை இஞ்ச் டேப்பால் அளந்துகொண்டு போய்க் கண் பரிசோதனையின்போது சொன்னால், அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதித் தருவார்கள். கூடுதல் பணம் செலவழிப்பதானால் இதற்குச் செலவழிக்கலாம்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து மருந்துக் கடையில் இருக்கிறது. கண் சிவந்திருக்கிறது என்றதும் கவுன்ட்டரில் எடுத்துக் கொடுக்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு உண்டு. இரண்டே நாளில் சிவப்பு மறைவதால் மறுபடி மறுபடி வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். நாள்பட்டால் கண் அழுத்தம் கூடி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு கெட்டுவிடும். போன பார்வை திரும்பாது. வறட்சிக்குப் போடும் செயற்கைக் கண்ணீரில் இந்த அபாயம் இல்லை.

பெரியவர்களின் களைப்பு ஓய்வெடுத்தால் தீரும். பிள்ளைகளுக்கு வரும் கிட்டப்பார்வை அப்படித் தீராது. தில்லிப் பள்ளிகளில் எய்ம்ஸ் டாக்டர்கள் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 13.1 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை இருந்தது. தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விளையாடியவர்களிடம் அது குறைவு. சீனாவின் குவாங்சூ நகரில் சில பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். பகல் வெளிச்சமே காரணம் என்று கருதுகிறார்கள். தில்லியின் மே மாத வெயிலில் பிள்ளையை எப்படி வெளியே அனுப்புவது என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். வெயிலில் நிற்க வேண்டியதில்லை. காலை வேளையில் வேப்பமரத்தடி நிழலிலேயே வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கிறது.