ஜன்னல் படுத்துக் கிடக்கிற இடம்

வண்ணக் கண்ணாடி ஜன்னலை எல்லோரும் நிற்கிற கோலத்தில்தான் பார்க்கிறோம். வெயில் அதன் பின்னால், நாம் முன்னால், வாயைப் பிளந்தபடி. எனக்கு அது போதாது. அதே ஜன்னலைச் சுவரிலிருந்து கழற்றி, மேஜைமேல் படுக்கப் போட்டு, யாரோ ஒருவர் பஞ்சுக்குச்சியோடு குனிந்து உட்கார்ந்திருப்பார் பாருங்கள், அந்த அறைக்குள் புகுந்துவிட வேண்டும். ஜன்னலின் வண்டவாளம் தண்டவாளம் ஏறுவது அங்கேதான்!

இந்த எட்டிப் பார்க்கும் ஆசைக்கு என்னைக் கேட்டால் ஒரே வீட்டைத்தான் சொல்வேன். நயாகரா அருவிக்குப் பக்கத்து ஊரான பஃபலோவில், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1903-லிருந்து 1905 வரை கட்டிய மார்ட்டின் வீடு. அந்த வளாகத்துக்கென்று ரைட் வரைந்து தள்ளிய வண்ணக் கண்ணாடிகள் ஏறத்தாழ 400. ஜன்னல், கதவு, கூரை வெளிச்சம் என்று கண்ணாடி போக இடமிருந்த எதையும் மனுஷன் விட்டுவைக்கவில்லை. காசு கொடுத்தவர் டார்வின் மார்ட்டின். லார்க்கின் சோப்புக் கம்பெனியில் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்து, தபாலில் சரக்கு விற்கும் அந்த வியாபாரத்தின் உச்சிக்குப் போனவர். ரைட்டுக்கு வீட்டுக்காரராக மட்டும் இருந்திருந்தால் தப்பித்திருப்பார். சிநேகிதராகவும் ஆனதால், கேட்டபோதெல்லாம் கடன் கொடுத்துக்கொண்டே இருந்தார்!

கண்ணாடிகளைச் செய்து கொடுத்தது சிகாகோவின் லிண்டன் கிளாஸ் கம்பெனி. அவற்றில் பேர் வாங்கியது 'ட்ரீ ஆஃப் லைஃப்' என்கிற ஜன்னல். கீழே தொட்டி மாதிரி சதுரங்கள், அவற்றிலிருந்து நேராக எழும் தண்டுகள், மேலே அம்பு முனைகளை அடுக்கியதுபோல் விரியும் கிளைகள். 'வாழ்க்கை மரம்' என்று நாமகரணம் செய்தது ரைட் இல்லை, பின்னால் வந்தவர்கள். ஒரே ஒரு ஜன்னலில் 750-க்கும் மேற்பட்ட துண்டுகள். சில துண்டுகள் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. இதில் நடுவில் ஒரு துண்டு விரிசல் விட்டால் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பட்டறைக்குள் போகிறோம்.

அதற்கு முன், ஜன்னல்கள் இந்தக் கதிக்கு வந்த கதை. 1929 பங்குச் சந்தை வீழ்ச்சியில் மார்ட்டினின் சொத்து கரைந்தது. 1935-ல் அவர் காலமானார். 1937-ல் குடும்பம் வீட்டை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியது. 17 வருஷம் ஆளில்லாத வீடு. மழை, பனி, கல்லெறி, கைவரிசை எல்லாம் உள்ளே வந்து போயின. 1954-ல் ஒரு கட்டடக் கலைஞர் வாங்கிக் குடியேறியதால் மூல வீடு பிழைத்தது. ஆனால் பின்புறத்திலிருந்த நீண்ட நடைக்கூடம், செடி வளர்க்கும் கண்ணாடி மாளிகை, வண்டிக் கொட்டகை மூன்றையும் 1960-களின் தொடக்கத்துக்குள் இடித்துத் தள்ளி, அந்த மனையில் அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். 1967-ல் பஃபலோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1992-ல் புனரமைப்புக்கென்றே ஓர் அமைப்பு உருவானது. அவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள்: அந்த அடுக்குமாடிகளை இடித்துவிட்டு, ரைட்டின் வரைபடப்படி மூன்றையும் மறுபடி கட்டி எழுப்பினார்கள்! 2007-ல் அது முடிந்தது. உள்வேலையும் தோட்டமும் இன்னும் பத்து வருஷத்துக்குமேல் இழுத்தன. இதற்கிடையில் கண்ணாடிகள் பல, அருங்காட்சியகங்களுக்கும் தனியார் கைகளுக்கும் சிதறிப் போயிருந்தன. மிஞ்சியதைக் காப்பாற்றுவது, போனதைத் தேடுவது, கிடைக்காததற்கு நகல் செய்வது என்று மூன்று முனையிலும் வேலை.

சரி, இப்போது உள்ளே வாங்க. காபி டம்ளரை வாசலிலேயே வைத்துவிடுங்கள். வண்ணக் கண்ணாடிப் பட்டறையில் தின்னவும் கூடாது, குடிக்கவும் கூடாது. காரணம் ஈயம். பற்றவைப்பில் ஈயம், பழைய பெயின்ட்டில் ஈயம், தூசியில் ஈயம். இங்கே வேலை செய்பவர்கள் முகமூடி போடுவதோடு, அவ்வப்போது ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறதா என்றும் பரிசோதித்துக்கொள்கிறார்கள்.

மேஜைமேல் ஜன்னல். மேஜைப் பரப்பே கண்ணாடிதான், அடியில் விளக்கு. சுவிட்ச் போடாதவரை இந்த ஜன்னல் உங்களை மயக்காது. பழுப்பும் பாசியுமாக, ஏதோ அழுக்கு ஓட்டை அடுக்கியதுபோல் கிடக்கும். போட்டதும்தான் கூத்து! அம்பர் நிறம் பற்றிக்கொள்ளும், பச்சை எழுந்து உட்காரும். கூடவே நமக்குக் காட்டக் கூடாத எல்லாமும் தெரியும்: மயிரிழை விரிசல்கள், விட்டுப்போன மூலைகள், எப்போதோ யாரோ அவசரத்துக்கு மாற்றிவைத்த பொருந்தாத ஒரு துண்டு. அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நிறம் ஏறக்குறைய சரிதான், அந்த 'ஏறக்குறைய' மேஜை விளக்கில் பளிச்சென்று கத்தும்.

பழுது பார்ப்பவர் உடனே கைவைக்க மாட்டார். முதலில் படம்: மேலே விளக்கடித்து ஒன்று, அடியில் விளக்கடித்து ஒன்று. பிறகு மெல்லிய தாளை ஜன்னல்மேல் விரித்து, கரித்துண்டால் தேய்ப்பார். நாணயத்தின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் உரசி ராஜா தலையை எடுப்போமே, அதே வித்தைதான். உலோகக் கோடுகள் முழுக்கத் தாளில் ஏறிவிடும். அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். 750 துண்டு, 750 எண். இனி எந்தத் துண்டு கையோடு வந்தாலும் திரும்பிப் போக விலாசம் உண்டு.

அடுத்து குளியல். இங்கேதான் நம் வீட்டுப் பழக்கமெல்லாம் செல்லாது. கடையில் வாங்கும் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் பக்கத்திலேயே வரக் கூடாது, குறிப்பாக அமோனியா கலந்தது. அயனி நீக்கிய தண்ணீர், தேவைப்பட்டால் ஒரு துளி மென்மையான சோப்பு, பஞ்சுக்குச்சி. குச்சியைத் தேய்க்கக்கூட இல்லை, உருட்டுகிறார்கள். ஒரு உருட்டு, குச்சி பழுப்பு, தூக்கிப் போடு, அடுத்த குச்சி. ஏன் இவ்வளவு பவ்யம்? இந்தக் கண்ணாடிகள் பலவற்றின்மேல் மயில் கழுத்து மினுக்கு ஒன்று ஓடுகிறது. சூடு ஆறாத கண்ணாடியின்மேல் உலோக உப்பின் ஆவியைப் படியவைத்து வருகிற மினுக்கு அது. அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. உற்சாகமாக நாலு தேய் தேய்த்தால், ரைட் காலத்து ஜொலிப்பு துணியோடு போய்விடும்!

என் ஆசைப்படி விட்டால் எல்லாவற்றையும் புதுசுபோல் மினுக்கித்தான் வைப்பேன். நல்லவேளை, என்னிடம் விடுவதில்லை. எங்கே நிறுத்துவது என்பதில்தான் இந்தத் தொழிலின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கு. உலோகத்தின்மேல் நூறு வருஷத்தில் தானாகக் கருத்த நிறம் அழுக்கில்லை, அதைச் சுரண்டினால் திரும்ப வராது. இரண்டுக்கும் நடுவில் கோடு கிழிக்கிறவர் சம்பளத்துக்குத் தகுந்தவர்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். நடுவில் ஒரு துண்டு விரிசல். தேவாலயத்து ஜன்னல் என்றால் துண்டுகளைப் பிடித்திருப்பது ஈயப் பட்டை. ஈயம் மெத்தென்றிருக்கும். கத்தி முனையால் விளிம்பை நிமிர்த்தி, துண்டை உருவி, மறுபடி மடித்துவிடலாம். ரைட் கோடுகள் விறைப்பாக, அளவுகோல் வைத்ததுபோல் நிற்க வேண்டும் என்று நினைத்தவர். அதனால் ஈயத்தைவிடக் கெட்டியான உலோகப் பட்டைகளை விரும்பினார், அதிலும் துத்தநாகம். சாய்வு கிடையாது, தொய்வு கிடையாது, பார்க்க என்ன அழகு! பழுது பார்க்கிறவருக்கு மட்டும் தலைவலி. துத்தநாகம் மடங்காது. நடுத்துண்டை எடுக்க வேண்டுமென்றால் ஓரத்திலிருந்து பற்றவைப்புகளை ஒவ்வொன்றாக இளக்கிக்கொண்டே போக வேண்டும், அல்லது பட்டையை அறுக்க வேண்டும். ஒரு விரிசலைச் சரிசெய்யப் போய் ஐம்பது நல்ல துண்டுகளை அபாயத்தில் தள்ளுவதா?

தள்ளுவதில்லை. துண்டு இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முதலில் பார்க்கிறார்கள். விரிசலை நன்றாகச் சுத்தம் செய்து, தண்ணீர்போல் இளகிய எபாக்ஸிப் பசையில் ஒரு துளியை ஊசிமுனையால் விரிசலின் வாயில் வைக்கிறார்கள். அவ்வளவுதான், அழுத்த வேண்டாம், ஊத வேண்டாம். பசை தானாகவே விரிசலுக்குள் ஓடும்! கண்ணெதிரே அந்த வெள்ளிக் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மறைந்துகொண்டே போவதைப் பார்க்கலாம். இந்த ரகப் பசை ஒளியை வளைக்கிற விதம் கண்ணாடி வளைக்கிற விதத்தோடு ஒத்துப்போவதால், விரிசல் இருந்த இடமே தெரியாமல் போகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே டிக்கெட் போட்டு ஆள் விடலாம். முழுசாக இறுக ஒரு வாரம்போல் ஆகும். அதுவரை ஜன்னலுக்குப் படுக்கை ஓய்வு.

துண்டு நொறுங்கியே போயிருந்தால்தான் புதுசு. அப்போது பழைய கண்ணாடிக் குவியலில் வேட்டை தொடங்கும். ஒளி ஊடுருவும்போது ஒரு நிறம், ஒளி பட்டுத் திரும்பும்போது இன்னொரு நிறம், இரண்டும் பொருந்த வேண்டும். ஒன்று பொருந்தினால் மற்றது முரண்டு பிடிக்கும். பொருத்தமானது சிக்கியதும், அந்தத் துண்டின் விளிம்பில், பட்டைக்குள் மறையும் இடத்தில், எந்த வருஷம் மாற்றியது என்று வைரமுனையால் கீறிவைக்கிற வழக்கம் உண்டு. நாளைக்கு வேறொருவர் திறக்கும்போது எது அசல், எது புதுசு என்று குழம்பக் கூடாதே.

இங்கே ஒரு வதந்தியையும் தூக்கிப் போட்டுவிடலாம். கண்ணாடி மெதுவாக ஓடும் திரவம், அதனால்தான் பழைய ஜன்னல்கள் வயிறு தள்ளுகின்றன என்று கைடுகள் சொல்வதுண்டு. ஓடுவதெல்லாம் இல்லை. உலோகம் களைத்துப்போகிறது, பற்றவைப்பு விடுகிறது, கதவைப் படார் என்று சாத்துகிறோம். பழி மட்டும் கண்ணாடிக்கு.

இத்தனை அமர்க்களத்துக்கும் நடுவில் எனக்குப் பிடித்த ஆள் வீட்டம்மா இசபெல் மார்ட்டின். அவருக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே போனது. நீண்ட கூரைச் சரிவுகளும் வண்ணக் கண்ணாடிகளுமான வீட்டில் பகலிலேயே நிழல். 1920-களின் பிற்பகுதியில் ஈரி ஏரிக்கரையில் கிரேகிளிஃப் என்ற கோடை வீட்டை அதே ரைட் கட்டினார், இந்த முறை இசபெல்லுக்காக. அவர் கேட்டது வெளிச்சம். அங்கே போய்ப் பார்த்தால் ஏரி முழுசாகத் தெரிகிற வெறும் கண்ணாடிகள்! 750 துண்டு வைத்தவரையே ஒற்றைத் துண்டு வைக்கச் செய்த அம்மா.

பஃபலோ பக்கம் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. வெயிலடிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். உள்ளே நுழையும் முன் வெளியிலிருந்து அதே ஜன்னல்களைப் பாருங்கள், மினுக்குப் படலம் பொன்னாகத் தெறிக்கும். உள்ளே போனதும் அது தேன் நிறத்துக்கும் பச்சைக்கும் மாறியிருக்கும், இடையிலுள்ள நிறமில்லாத கண்ணாடி வழியே தோட்டமும் தெரியும். கைடு மற்றவர்களை அடுத்த அறைக்கு ஓட்டும்போது ஒரு நிமிஷம் பின்தங்கி, மூலைகளில் பற்றவைப்பு முடிச்சுகளை எண்ணத் தொடங்குங்கள். தொட மட்டும் வேண்டாம், கைடுக்கு முதுகிலும் கண் உண்டு.