மலைநாட்டுச் செலவு

'செலவு' என்னும் தமிழ்ச்சொல் இருபொருள் உடையது. கைப்பொருளை வழங்குதலை இன்று நாம் செலவு என்கின்றோம். பண்டைத் தமிழரோ ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்லுதலைச் செலவு என்றனர். இவ்விருவகைச் செலவிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பொருட்செலவு செய்வோன் தன் வரவை அறிந்து செய்தல் வேண்டும். வழிச்செலவு செய்வோன் தன் வலிமையையும் தன்னுடன் வருவோர் வலிமையையும் அறிந்து செய்தல் வேண்டும். அறியாது செய்த செலவு இரண்டிடத்தும் துன்பமே பயக்கும்.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பரிசில் பெற்று மீண்ட கலைஞர், எதிர்ப்பட்ட கலைஞர்க்கு வழிகூறும் முறையில் அமைந்த நூல்கள் ஆற்றுப்படை எனப்படும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் அத்தகையதோர் ஆற்றுப்படையே. 583 அடிகளைக் கொண்ட அந்நூலில், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர் குழுவிற்கு, மலைவழியில் வழுக்கும் இடங்கள் எவை, பன்றிக்கு வைத்த பொறிகளினின்று தப்புவது எங்ஙனம், இரவில் தங்குவது எங்கே, உண்ணக் கிடைப்பது யாது என்பனவெல்லாம் முறையே கூறப்படுகின்றன. குடும்பத்தோடு செல்லும் பயணத்திற்கு முன்னரே திட்டம் வகுத்தல் தமிழர்க்குப் புதியதன்று என்பது இதனால் விளங்கும்.

மாணவர்களே! விடுமுறையில் நீங்களும் பெற்றோருடன் சிறு பயணங்கள் மேற்கொள்கின்றீர்கள். அவற்றிற்குத் திட்டம் வகுக்கும் முறையைக் கொல்லிமலைப் பயணம் ஒன்றைக் கொண்டு ஈண்டு விளக்குவேன்.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. மேற்பரப்பில் பெரும்பகுதி கடல்மட்டத்திற்குமேல் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்தது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் எய்த ஓர் அம்பு யானை முதலாகப் பல விலங்குகளை ஊடுருவிச் சென்றதாகப் புறநானூறு கூறும். இம்மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். அவர்தம் ஊர்கள் பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு முதலிய அவற்றுள் பைல் நாடும் ஒன்றாகும். இங்குச் சிற்றூர்களை 'வளவு' என வழங்குவர்.

சில ஆண்டுகட்கு முன் ஐப்பசித் திங்களில் யாங்கள் இம்மலைக்குச் சென்றோம். எழுபது வயது கடந்த என் தமக்கையார், என் மனைவி, மகன், மருமகள், பெயரன், பெயர்த்தி ஆகியோருடன் நானும் சேர எழுவர் ஆனோம். திட்டம் வகுத்தவன் நானே. முதல்நாள் இரவு நாமக்கல்லில் தங்கி, மறுநாள் ஒரே பகலில் ஒன்பது இடங்களைக் காண்பதென ஒரு தாளில் எழுதினேன். நாமக்கல் மலைக்கோட்டை, நரசிம்மர் குடைவரை, செம்மேடு, சீக்குப்பாறை, வாசலூர்ப்பட்டி ஏரி, மாசிலா அருவி, அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை, பைல் நாடு என்பன அவ்வொன்பது. பைல் நாட்டில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் வாழ்கின்றார். நண்பகல் உணவிற்கு அவர் இல்லம் வருவதாக வாக்களித்திருந்தேன்.

திட்டம் தாளில் அழகாகவே இருந்தது. நிலத்தில் நில்லாது போயிற்று. மலையடிவாரமாகிய காரவள்ளியிலிருந்து சோளக்காடு செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வயிறு நிறைய உண்டு வண்டியேறிய பெயரன் இருபதாம் வளைவிற்குள் வாந்தியெடுத்தான். மும்முறை வண்டியை நிறுத்தினோம். ஆகாய கங்கை அருவியை அடையும்போதே பிற்பகலாயிற்று. அங்கே ஆயிரத்திற்கு மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும் என்பதை நான் எவரிடமும் முன்னர்ச் சொல்லவில்லை. தமக்கையார் மேலேயே தங்கினார். யாங்கள் இறங்கி ஏறிய இரண்டரை மணி நேரமும் அவர் தூறலில் தனியே அமர்ந்திருந்தார். "படிகளின் தொகையை முன்பே சொல்லியிருந்தால் கோயிலிலேயே இருந்திருப்பேனே, தம்பி" என்று அவர் கூறிய சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

அதனினும் பெரிய பிழை மற்றொன்று. இருளும் மூடுபனியும் சூழ்ந்தமையால் பைல் நாட்டிற்குச் செல்லாமலே மலையினின்று இறங்கினோம். மலையில் தொலைபேசித் தொடர்பும் கிட்டவில்லை. மறுநாள் பேசியபோதுதான், அவ்வீட்டார் சாமைச்சோறு சமைத்து வைத்து, மாலை வரை தாமும் உண்ணாது காத்திருந்தனர் என்பதை அறிந்தேன். "ஐயா, தாங்கள் வழியில் இடருற்றீர்களோ என்று அஞ்சினோம், அவ்வளவே" என்றார் அம்மாணவர். அவர் சினந்திருப்பின் என் உள்ளம் அத்துணை வருந்தியிராது. ஒன்பது இடங்களுள் ஏழினை விரைந்து கண்டோம். ஒன்றினையும் நினைவில் நிறுத்தினோம் அல்லேம்.

வீடு திரும்பிய பின் என் திட்டத்தின் குறைகளை ஆராய்ந்தேன். முதற்குறை, தொலைவை மட்டும் கணக்கிட்டுக் காலத்தைக் கணக்கிடாமை. நாமக்கல்லிலிருந்து செம்மேடு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சமநிலத்தில் இஃது ஒரு மணி நேரப் பயணம்; வளைவுகள் மிக்க மலையிலோ இருமடங்கு காலம் வேண்டும்.

ஐரோப்பாவில் நெதர்லாந்து என்னும் நாடு உண்டு. நம் முன்னோர் அதனை ஒல்லாந்து என்றனர். ஐரோப்பாவிலுள்ள அதன் நிலத்தில் மிக உயர்ந்த குன்றும் 322 மீட்டரே. ஆங்கு ஹார்லெம், லைடன், டெல்ஃப்ட் முதலிய சிறுநகரங்கள் அணித்தணித்தே உள்ளன. ஹார்லெமிலிருந்து லைடனுக்கு இரயிலில் ஏறத்தாழ இருபது மணித்துளிகளில் செல்லலாம். சிறுவரும் முதியவரும் மிதிவண்டியில் செல்லத் தனிப்பாதைகள் உள்ளன. ஆதலால் அந்நாட்டிற் குடும்பத்துடன் செல்வோர் ஒரு நகரில் தங்கிக்கொண்டு நாள்தோறும் ஒவ்வோர் ஊராகக் கண்டு மீளலாம். தங்குமிடத்தை அடிக்கடி மாற்றாமை என்னும் அவ்வழக்கம் நமக்கும் பொருந்தும். சமநிலத்தின் விரைவுக்கணக்கு மலைக்குப் பொருந்தாது. நிலத்தின் இயல்பறிந்தே திட்டம் வகுத்தல் வேண்டும்.

இரண்டாவது குறை, என் நடையையே அனைவர் நடையாகவும் கொண்டமை. குழுவில் மெல்ல நடப்பவரின் நடையே குழுவின் நடையாதல் வேண்டும். மாடி ஒன்றிற்கு இருபது படிகள் எனக் கொண்டால், ஆயிரம் படிகள் ஐம்பது மாடிக்கு ஒப்பாகும். இச்சிறு கணக்கை முன்னரே செய்திருந்தால், யார் இறங்குவது, யார் தங்குவது, தங்குவோர் எங்கே தங்குவது என்பனவற்றை வீட்டிலேயே உறுதி செய்திருக்கலாம்.

மூன்றாவது குறை, பருவம் அறியாமை. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். அருவியில் நீர் மிகும், படிகள் வழுக்கும். வெள்ளம் பெருகுங்கால் வனத்துறையார் அருவிக்குச் செல்லத் தடை விதிப்பதும் உண்டு. ஆடித் திங்களில் ஓரிக்கு விழா எடுப்பர். விழாக் காண விழைவோர்க்கு அது நற்காலம். அமைதி நாடுவோர்க்கு அன்று. தை, மாசித் திங்கள்களில் வானம் தெளிந்திருக்கும். காலையில் கம்பளியாடை வேண்டும்.

நான்காவது குறை, ஓய்விற்கென ஒரு நாழிகையும் ஒதுக்காமை. எழுதும் தாளிலும் ஓரத்தில் வெற்றிடம் விடுகின்றோம் அன்றோ? பயணத் திட்டத்திலும் வெற்றிடம் வேண்டும். வண்டி பழுதுறினும், குழந்தை உறங்கினும், மழை வரினும் அவ்வெற்றிடமே நம்மைக் காக்கும்.

அடுத்த தைத் திங்களில் அவ்வெழுவரும் மீண்டும் புறப்பட்டோம். இம்முறை நாட்கள் நான்கு, இடங்கள் சிலவே. தமக்கையாரும் குழந்தைகளும் உடனிருந்தே திட்டத்தை எழுதினர். பைல் நாட்டு மாணவர்க்கு, நான்காம் நாள் நண்பகல் வருவோம் எனப் பத்து நாள் முன்னரே கடிதம் விடுத்தேன். அந்நாளை வைத்தே மற்றைய நாட்களை அமைத்தோம். நம்மை எதிர்நோக்கி ஒருவர் காத்திருக்கும் இடமே திட்டத்தில் முதலில் எழுதத்தக்கது.

முதல்நாளை நாமக்கல்லுக்கே அளித்தோம். நகரின் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் குன்றும், அதன் முடியிலுள்ள கோட்டையும், குன்றைக் குடைந்தமைத்த நரசிம்மர், அரங்கநாதர் கோயில்களும் காணத்தக்கன. வெட்டவெளியில் கூரையின்றி நிற்கும் 18 அடி உயர ஆஞ்சநேயர் திருவுருவைக் குழந்தைகள் வியந்து நோக்கினர். மாலையில் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நினைவில்லத்தைக் கண்டோம். அவர் 1888-ஆம் ஆண்டு காவிரிக்கரை ஊராகிய மோகனூரிற் பிறந்து, 1949-ஆம் ஆண்டில் அரசவைக் கவிஞராக விளங்கியவர்.

இரண்டாம் நாள் காலை, இட்டிலி இரண்டிரண்டு மட்டும் உண்டு சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளியை அடைந்தோம். வண்டிக்கு வேண்டிய எரிபொருளைக் கீழேயே நிரப்பிக்கொண்டோம். பெயரனை முன்னிருக்கையில் அமர்த்தித் தொலைவிலுள்ள மலைமுடியை நோக்குமாறு கூறினோம். அவன் வளைவுகளின் எண்களை ஒவ்வொன்றாகக் கூவிக்கொண்டே வந்தான். எழுபதாம் வளைவு வரை நலமாகவே இருந்தான். இறங்குவண்டி நின்று ஏறுவண்டிக்கு வழிவிடுதல் மலைச்சாலையின் நெறி என்பதையும் அன்று அவன் கற்றான். செம்மேட்டில் அறை பெற்று, நண்பகல் உறங்கி, மாலையில் ஓரியின் சிலையை மட்டும் கண்டோம்.

மூன்றாம் நாள் விடியலில் அறப்பளீசுவரர் கோயிலுக்குச் சென்றோம். அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம் இத்தலத்து இறைவனை முன்னிலைப்படுத்தி உலகியல் அறிவு புகட்டும் நூலாகும். தமக்கையாரும் என் மனைவியும் கோயிலில் தங்கினர். ஏனையோர் வெயில் ஏறுமுன் படிகளில் இறங்கினோம். ஐயாறு என்னும் ஆறு உயர்ந்த பாறையினின்று வீழ்ந்து ஆகாய கங்கை எனப் பெயர் பெற்று, அடிவாரத்துப் புளியஞ்சோலையை நோக்கிச் செல்கின்றது. ஏறும்போது நூறு படிக்கு ஒருமுறை அமர்ந்தோம். திரும்பியபோது தமக்கையார் முகம் மலர்ந்திருந்தார். அவர் கண்டது கோயில். யாங்கள் கண்டது அருவி. இருசாராரும் பிற்பகல் முழுதும் ஒருவர்க்கொருவர் கதை கூறி மகிழ்ந்தோம்.

நான்காம் நாள் பைல் நாடு சேர்ந்தோம். மாணவரும் அவர்தம் தாயாரும் வாயிலில் நின்று வரவேற்றனர். மிளகுக்கொடி மரங்களைப் பற்றிப் படர்ந்திருப்பதையும், அவற்றின் நிழலில் காப்பிச்செடி வளர்வதையும் எங்கட்குக் காட்டினர். சாமை, கேழ்வரகு, தினை முதலிய சிறுதானியங்கள் இம்மலையின் பழைய பயிர்கள். மாவு ஆலைகட்கு அனுப்பும் மரவள்ளிக் கிழங்கு பரவியபின் அவை விளையும் நிலம் சுருங்கிற்று. தம் குடும்பம் உண்பதற்கென ஒரு துண்டு நிலத்தில் இன்றும் சாமை விதைப்பதாக அத்தாயார் கூறினார். அச்சாமைச் சோற்றையே எங்கட்குப் படைத்தார். முன்னொருநாள் எங்களுக்காகச் சமைத்து ஆறிப்போன சோறு என் நினைவிற்கு வந்தது. "அம்மா, சென்றமுறை பிழை செய்துவிட்டேன்" என்றேன். "வந்துவிட்டீர்களே, இன்னும் கொஞ்சம் இடட்டுமா?" என்றார் அவர். என் பெயர்த்தி இருமுறை கேட்டு வாங்கி உண்டாள்.

கொண்டுசென்ற நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் எங்கும் எறியாது சாக்கில் கட்டி வண்டியிலேற்றினோம். பிறர் நாட்டில் விருந்தினராகச் சென்றோர் அந்நாட்டின் தூய்மையைக் காத்தல் கடமையாகும். பின்னர்க் கதிரவன் சாயுமுன் வளைவுகளைக் கடந்து சமநிலம் அடைந்தோம்.

மாணவர்களே! அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டில் பயணத் திட்டம் எழுதப்படுங்கால் நீங்களும் அருகில் அமருங்கள். காணும் இடங்களைக் குறிக்குமுன் உடன்வருவோர் பெயர்களைக் குறியுங்கள். பாட்டியால் எத்தனை படி ஏற இயலும், தம்பிக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும், வழியில் நமக்காக யார் காத்திருப்பர் என்பனவற்றை அவற்றின் எதிரே எழுதுங்கள். அவ்வாறு எழுதிய பின்னரும் தாளில் இடம் எஞ்சுமாயின், அப்போது அருவிகளையும் கோட்டைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அவை அங்கேயே இருக்கும். நமக்காகச் சமைத்த சோறோ ஆறிவிடும்.