தபால் ஆபீஸ் வரிசை: ஒரு நிமிடம் எப்படி 49 நிமிடம் ஆகிறது?

தபால் ஆபீஸில் ஏன் இவ்வளவு கூட்டம் என்று யாரிடம் கேட்டாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "கவுண்டர்ல இருக்கறவங்க ஸ்லோ", இல்லையென்றால் "ஆள் பத்தல". இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் வரிசை எப்படி வளர்கிறது என்பதற்கு நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால் மூன்றாவதாக ஒரு பதில் கிடைக்கிறது. அது நம் கையில் இருக்கும் பதில் என்பதால்தான் இந்தப் பதிவு.

கணக்கை ஆரம்பித்து வைத்தவர் எர்லாங் என்ற டென்மார்க்காரர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். இத்தனை பேர் போன் பண்ணும் ஊருக்கு எத்தனை லைன் போட்டால் போதும் என்பதுதான் அவருடைய கேள்வி. 1909-ல் முதல் கட்டுரையை வெளியிட்டார். டெலிபோனுக்குப் போட்ட கணக்கு வங்கி, டோல்கேட், ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் சர்வர் என்று எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. தபால் ஆபீஸுக்கும்தான்.

ஒரு சின்ன தபால் ஆபீஸ், தபால் பதிவு செய்ய ஒரே ஒரு கவுண்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சராசரியாக 4 நிமிடம் ஆகிறது. அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் 15 பேரை அனுப்பலாம். மணிக்கு 9 பேர் வந்தால், ஒருவர் வரிசையில் சராசரியாக 6 நிமிடம் நிற்க வேண்டும். 12 பேர் வந்தால் 16 நிமிடம். சரி, இன்னும் இரண்டே இரண்டு பேர் கூடுதலாக, 14 பேர் வந்தால்? 20, 25 நிமிடம் என்றுதான் மனசு சொல்லும். விடை 56 நிமிடம்.

15 பேரை அனுப்பக்கூடிய கவுண்டருக்கு 14 பேர்தானே வருகிறார்கள், ஏன் வரிசை நிற்கிறது என்று தோன்றும். காரணம், ஆட்கள் அளவெடுத்து நாலு நிமிடத்துக்கு ஒருவராக வருவதில்லை. பத்து நிமிடம் ஈ ஓட்டுவார்கள், பிறகு ஒரே நேரத்தில் ஆறு பேர் நுழைவார்கள். ஈ ஓட்டிய பத்து நிமிடத்தை எடுத்து வைத்து இந்த ஆறு பேருக்குச் செலவழிக்க முடியாது, அது போனது போனதுதான். கவுண்டருக்கு வேலை நிறைய நிறைய, ஒருமுறை சேர்ந்த கூட்டம் கரைவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடுகிறது. எங்கள் வேலையில் சர்வர் 80 சதவீதத்தைத் தாண்டினாலே அலாரம் அடிக்கும்படி வைப்பது இதனால்தான். தபால் ஆபீஸ் கவுண்டருக்கு அலாரம் எதுவும் கிடையாது.

(இந்தச் சூத்திரம் வரிசை நாள் கணக்காக ஓடிக்கொண்டே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் சாயந்திரம் கவுண்டரை மூடிவிடுவார்கள். அதனால் 56 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வளைவு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம்.)

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுவோம். அதே ஒற்றைக் கவுண்டர், மணிக்கு அதே 14 பேர். ஒருவருக்கு ஆகும் நேரம் மட்டும் 4 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாகக் குறைகிறது. காத்திருப்பு 56 நிமிடத்திலிருந்து 7 நிமிடமாக இறங்கிவிடுகிறது. எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் 13 பேர் நின்ற இடத்தில் சராசரியாக இரண்டு பேர்கூட நிற்க மாட்டார்கள். புதுசாக ஆள் போடவில்லை, கம்ப்யூட்டர் மாற்றவில்லை. ஆளுக்கு ஒரு நிமிடம் குறைந்தது, அவ்வளவுதான்.

அந்த ஒரு நிமிடம் பெரும்பாலும் கவுண்டருக்கு வெளியே, நம் பக்கத்தில்தான் கிடக்கிறது. உள்ளே இருப்பவர் எடை போட வேண்டும், பின்கோடு அடிக்க வேண்டும், இரண்டு பக்கத்துப் பெயர், முகவரி, போன் நம்பர் அடிக்க வேண்டும், பணம் வாங்கி, ரசீது அடித்து, பார்கோடு ஒட்ட வேண்டும். இதில் எடை போடுவதும் ஒட்டுவதும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். ஏறி இறங்குவது மற்றதெல்லாம். "பின்கோடு என்ன?" "இருங்க, போன் பண்ணிக் கேக்கறேன்." இது போதும், நேரம் இரண்டு மடங்காகிவிடும்.

பின்கோடைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1972 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமானது. ஒரே பெயரில் பல ஊர்கள், எத்தனையோ மொழிகளில் முகவரிகள் என்ற குழப்பத்தைத் தீர்க்க ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி கொண்டுவந்த முறை. ஆறு இலக்கத்தில் முதல் இலக்கம் வட்டாரம். தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் 6. முதல் மூன்று இலக்கம் சேர்ந்து கடிதம் பிரிக்கப்படும் மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்று இலக்கம் பட்டுவாடா செய்யும் தபால் ஆபீஸ். 'புதூர்' என்று மட்டும் எழுதினால் தமிழ்நாட்டில் எத்தனை புதூருக்கு அனுப்புவது? தப்பான பின்கோடு போட்டால் கவுண்டரிலும் தாமதம், தபால் வேறு ஊர் சுற்றிவிட்டும் வரும். வீட்டிலேயே அஞ்சல் துறை தளத்தில் தேடிப் பார்த்து, கவரின் மேல் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போய்விடலாம்.

கூடவே அனுப்புநர் முகவரி, இரண்டு பேரின் மொபைல் எண். பார்சலாக இருந்தால் வீட்டிலேயே ஒட்டி முடித்துவிடுங்கள். கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு செல்லோடேப் நுனியை நகத்தால் சுரண்டித் தேடும் காட்சியை நான் பார்க்காத தபால் ஆபீஸ் இல்லை. முகவரி எழுதத் தெரியாதவர்களோ பார்வை மங்கிய பெரியவர்களோ வந்தால் நேரம் ஆகத்தான் செய்யும், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொண்டு வந்தால்தான் அவர்களுக்கு நிதானமாக நேரம் கிடைக்கும். அந்த வரிசையில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரும் நிற்பார்.

இன்னொரு தாமதம் புதுசு. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் "ரிஜிஸ்டர் பண்ணணும்" என்று கேட்பவர்கள் நிறைய. அக்டோபர் 1 முதல் கட்டணமும் மாறியது: 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. குறிப்பிட்ட நபரின் கையில்தான் கொடுக்க வேண்டுமென்றால் 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்ற கூடுதல் சேவையை 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். வக்கீல் நோட்டீஸ் மாதிரி விஷயங்களுக்கு இது தேவைப்படும். "ஸ்பீடு போஸ்ட், ரிஜிஸ்ட்ரேஷன் சேர்த்து" என்று சொல்லிவிட்டால் அங்கே நடக்கும் ஒரு விவாதம் மிச்சம்.

இதுவரை சொன்னது கவுண்டருக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு. போகவே தேவையில்லாத தபாலுக்கும் வரிசையில் நிற்கிறோம். சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராமுக்கு 5 ரூபாய். ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போட்டால் முடிந்தது. கொஞ்சம் ஸ்டாம்பு மொத்தமாக வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு ஒரே ஒரு வரிசைதான். கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறவர்கள் ஒரு பத்திரிகையை கவரோடு சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, தேவையான ஸ்டாம்பை வாங்கி வந்து வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஒட்டலாம். எடையை மட்டும் குத்துமதிப்பாக எடுக்காதீர்கள். குறைவாக ஒட்டினால், குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கை வாங்குபவரிடம் வசூலிப்பார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு தபால்காரருக்குக் காசு கொடுக்க வைப்பது நன்றாகவா இருக்கும்?

புத்தகம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு தகவல். பழைய பதிவு புத்தகத் தபால் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. அதற்குப் பதில் 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகத்தான் போகும், அவசரத்துக்கு ஆகாது. இதற்குக் கவுண்டருக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

எப்போது போவது? திறக்கும் முன்பே போய் நின்றால் சீக்கிரம் முடியும் என்று நினைக்கிறோம். எல்லோரும் அப்படியே நினைப்பதால், திறக்கும்போதே வரிசை ரெடியாக இருக்கிறது. சாயந்திரம் மூடும் முன் ஒரு கூட்டம். ராக்கி, தீபாவளிக்கு முந்தைய வாரங்களைச் சொல்லவே வேண்டாம். இடைப்பட்ட நேரம்தான் சௌகரியம். கூடவே, தபால் பையை எத்தனை மணிக்குக் கட்டுவார்கள் என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பை கிளம்பிய பிறகு பதிவு செய்த தபால் அன்று ராத்திரி அங்கேயேதான் தூங்கும். அடித்துப் பிடித்து கடைசி நேரத்தில் நின்று பதிவு செய்வதும், மறுநாள் காலை நிதானமாகப் போய்ச் செய்வதும் அப்போது ஒன்றுதான்.

பெரிய ரயில் நிலையங்களை ஒட்டி ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே அஞ்சல் அலுவலகங்கள் இருக்கின்றன. தபாலைப் பிரித்து அனுப்புவதுதான் அவர்களுடைய முக்கிய வேலை. ஆனால் பலவற்றில் ஸ்பீடு போஸ்ட் பதிவும் உண்டு, சாதாரண தபால் ஆபீஸ் மூடிய பிறகும் வாங்குவார்கள். சில இடங்களில் ராத்திரியிலும் உண்டு. ஆபீஸ் போகிறவர்களுக்கு லீவு மிச்சம். உங்கள் ஊர் ஆர்.எம்.எஸ். நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பல கவுண்டர் இருக்கும் தலைமை தபால் ஆபீஸில் இன்னொரு கணக்கு. மூன்று கவுண்டர், மணிக்கு 36 பேர், ஒருவருக்கு 4 நிமிடம். மூன்று தனி வரிசையாக நின்றால் சராசரி 16 நிமிடம். டோக்கன் போட்டு ஒரே வரிசையாக்கினால் 4 நிமிடத்துக்குச் சற்று மேல். தனி வரிசைகளில் ஆட்கள் இடம் மாறி மாறி நிற்பார்கள் என்பதால் நிஜத்தில் வித்தியாசம் இவ்வளவு வராது, ஆனாலும் நிச்சயம் வரும். டோக்கன் இருக்கும் ஆபீஸ் கொஞ்சம் தூரம் என்றாலும் நான் அங்கேதான் போவேன். சேமிப்புக் கணக்குக் கவுண்டர் காலியாக இருக்கிறதே, அவர் ஏன் தபால் வாங்கக் கூடாது என்று சண்டை போடுபவர்கள் உண்டு. ஒவ்வொரு கவுண்டருக்கும் தனி லாகின், தனி ரொக்கக் கணக்கு. அவர் நினைத்தாலும் உடனே வாங்க முடியாது.

"ஒரு ஸ்டாம்பு மட்டும்தான் சார்" என்று நடுவில் கை நீட்டுபவரைப் பற்றியும் கணக்கு இருக்கிறது. சின்ன வேலையை முதலில் முடித்தால் எல்லோருடைய சராசரிக் காத்திருப்பும் குறையும். இது நிரூபிக்கப்பட்ட விஷயம். கணக்குப்படி அவர் செய்வது சரி, ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர் இல்லை. நாற்பது கவர் கொண்டு வந்தவர் தானாகவே அவரை முன்னால் விட்டால் அழகு. தினமும் நாற்பது கவர் அனுப்புகிறவர் இந்த வரிசைக்கே வரத் தேவையில்லை. மொத்தமாக அனுப்பிவிட்டுப் பிறகு பணம் கட்டும் ஒப்பந்த வசதி அஞ்சல் துறையில் இருக்கிறது, தலைமை தபால் ஆபீஸில் கேட்கலாம்.

வெளிநாட்டுப் பார்சல்தான் இருப்பதிலேயே நேரம் பிடிப்பது. சுங்கப் படிவத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும், அதன் எண்ணிக்கை, எடை, மதிப்பு எல்லாம் வர வேண்டும். "வீட்டு சாமான்" என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள். பேக் செய்யும்போதே ஒரு தாளில் அப்பளம் இத்தனை கிராம், இத்தனை ரூபாய், பருத்திப் புடவை ஒன்று, இத்தனை ரூபாய் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். அடையாள அட்டை நகலையும் அந்தத் தாளோடு சேர்த்துக் குத்தி வைத்துவிடுங்கள். பெட்டியை ஒட்டிய பிறகு உள்ளே என்ன வைத்தோம் என்று கவுண்டரில் நின்று யோசிப்பதுதான் பின்னால் நிற்கும் பத்து பேருக்கும் வினை.